கழுவாமல் வந்த கால்

பெரிய வியாழன் அன்று நான் பயந்த பயம் இருக்கிறதே... பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை, பிள்ளைகளா. அதோடு என் படிப்பும் முடிந்தது என்பது வேறு கதை!

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். எங்கள் கோயிலில் பன்னிரண்டும் ஆண்கள்தான். ஆள் சேர்ப்பது என் வேலை; அதில் நானும் ஒருவன். இந்த வருஷம் புதுச் சாமியார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "பதினோரு பேர் உங்க இஷ்டம். பன்னிரண்டாவது ஆள், சவரியம்மா."

சவரியம்மா அக்கா கோயிலைக் கூட்டித் துடைப்பவர்.

வருஷா வருஷம் முதல் நாற்காலி அருளப்பன் பெரியப்பாவுக்கு. சேதியைக் கேட்டதும் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"ஏலே, பொம்பளை கால்ல சாமி கை வைக்கிறதா? நான் எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா!"

அவர் போனால் பின்னாலேயே எத்தனை பேர் போவார்கள்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அக்காவிடமே போய், "உடம்புக்கு முடியலன்னு சொல்லிருங்களேன்க்கா" என்று கேட்டுவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான தம்பி இருக்கு? வரவேணாம்னுதான் இருந்தேன். இப்ப வாரேன்."

வந்தார். கோயில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, சேற்றுக் காலோடு, கடைசி நிமிஷத்தில்!

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டே வந்தார். காலுக்குக் கீழே வைத்த பேசினில் விழுந்த தண்ணீர் அப்படியே தெளிவாகக் கிடந்தது. ஏன்? நாங்கள் பதினோரு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தோம். பெரியப்பா காலில் பவுடர் வேறு!

அக்காவின் முன்னால் சாமியார் முட்டி போட்டார். பெரியப்பா எழுந்தார். போச்சு... என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கலங்கியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்து என் தோளில் தட்டினார். "அம்புட்டுப் பேர்ல அவ ஒருத்தி காலைத்தான்லே சாமி நெசமாக் கழுவினாரு."

"அப்ப அடுத்த வருஷம், பெரியப்பா?"

"அதை அப்பப் பாப்போம். போலே!"

வழக்கம், வழக்கம் என்று நாங்கள் காப்பாற்றியது எதை? இயேசு செய்ததையா, எங்கள் பவுடரையா?

அடுத்த வருஷமும் லிஸ்ட் நான்தான் எழுத வேண்டும். யார் உட்காருவார், யார் எழுந்து போவார், தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம்... காலைக் கழுவாமல்தான் போவேன்.