வாத்தியக்காரர்களின் மேசை

ஏழு நாள் தொடர்ந்து காலை ஷிஃப்ட். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை என்றால் முதலில் முதுகைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிறு மதியம் ஆக்லாந்து கிளென்ஃபீல்ட் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே என் கணவர், "வெளிய சாப்பிடலாம், கிளம்பு" என்றார். டவுனில் ஒரு ஐரிஷ் பப்பாம். நாலு மணிக்கு வாத்தியம் வாசிப்பார்களாம். எனக்குப் படுக்கை போதும். ஆனாலும் போனேன். நியூசிலாந்துக் குடியுரிமை இருந்தால் ஆஸ்திரேலியாவுக்கு விசா தொல்லை இல்லை; அது கைக்கு வந்ததும் அவர் பிரிஸ்பேனில் வேலை பிடித்துவிட்டார். புதன்கிழமைக்குள் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். நான் வரமாட்டேன் என்பதை அதற்குள் அவரிடம் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து. இரண்டு தடவையும் அவர் வேலைக்காகத்தான் பெட்டி கட்டினேன். இனி முடியாது.

இவருக்கு ஒரு வியாதி உண்டு. பாட்டு என்றால் முன்வரிசைதான். கோயில் நவராத்திரிக் கச்சேரியில்கூட மிருதங்கத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வார். இங்கேயும் மூலையில் காலியாகக் கிடந்த பெரிய மேசையில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களெல்லாம் ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஆட்டுக்கறி ஸ்டூ வந்த கையோடு, பிடில் பெட்டி, புல்லாங்குழல் சகிதம் ஆறு பேர் வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அங்கே மேடை கிடையாது. அந்த மேசைதான் மேடை. மானம் போயிற்று. தட்டோடு எழுந்தேன். அக்கார்டியன் வைத்திருந்த அம்மாள் பரவாயில்லை, இருங்கள் என்று நெருக்கி உட்கார்ந்துகொண்டார். போகலாம் என்று இவரைக் கிள்ளினேன். அசையவில்லை. மாப்பிள்ளை அழைப்புக் காரில் ஏற்றிய மாதிரி முகம்.

அப்புறம் பேச்சு எங்கே? ஒரு காதில் பிடில், மறு காதில் அக்கார்டியன். இவர் தொடையில் தட்டித் தட்டித் தாளத்தைப் பிடித்துவிட்டார். "தகிட தகிடதான்டீ!" என்று என்னிடம் கத்தினார். பிடில்காரர் சிரித்தார். இவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துப் பல மாதம் ஆகிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஒருவழியாக இடைவேளை வந்தது. வாத்தியக்காரர்கள் கிளாஸை நிரப்பப் போனார்கள். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது.

"ஏங்க, நான் பிரிஸ்பேனுக்கு வரல."

கத்தினால் என்ன சொல்வது, கெஞ்சினால் என்ன சொல்வது, மாமியாருக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தால் என்ன சொல்வது என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"தெரியும்," என்றார். "ஒரு ஆள் தங்குற மாதிரி ரூம் பார்த்து வச்சிருக்கேன். அடுத்த மாசம் நான் மட்டும் போறேன்."

இதை மட்டும் நான் யோசித்து வைக்கவில்லை. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் எனக்கு லீவு. நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது.