ஊர் சுற்றி எடுத்த படம்

எங்கள் வீட்டில் 'ஊர் சுத்துறது' என்றால் அது திட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராப் பையைத் தோளில் மாட்டினால் போதும், "கிளம்பிட்டாங்கப்பா ஊர் சுத்த" என்பார் கணவர். என்னால் வேறு எப்படிச் சுற்ற முடியும்? தேனாம்பேட்டையில் கணக்கு வேலை, வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். லடாக்கெல்லாம் நமக்கு ஆகிற கதையா? வருகிற பஸ்ஸில் ஏறுவேன், தோன்றிய இடத்தில் இறங்குவேன், படம் எடுத்துவிட்டு மதியச் சமையலுக்குத் திரும்பிவிடுவேன். சைதாப்பேட்டை ரயில் நிலையப் படியில் பூக்கூடைகள் ஏறுவதையும், தி. நகரில் கடை திறக்குமுன் பொம்மைகளுக்குப் புடவை கட்டிவிடுவதையும் பார்த்துவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம் வராது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அடையாறில் எங்கள் புகைப்படக் குழு ஒரு கண்காட்சி வைத்தது. 'ஊர் சுற்றி எடுத்த படங்களை அனுப்பவும்' என்று வாட்ஸப்பில் அழைப்பு. எனக்கென்றே எழுதினது போல இருந்தது. ஆசையாக அனுப்பினேன். குழுவின் செயலாளர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், ஃபோனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, எல்லாம் நம்மூராவே இருக்கே? ஊர் சுத்தறதுன்னா வெளியூர் போயிண்டு வரது."

"வெளியூர்னு நீங்க போடலையே சார். நான் ஊரைத்தான் சுத்தினேன்."

"வாதாடாதீங்கோ. டிராவல் படம்னா, பார்த்த உடனே இது எந்த ஊர்னு கேக்கத் தோணணும். அப்படி ஒண்ணு இருந்தா நேர்ல கொண்டு வாங்கோ, மாட்டறேன்."

ஃபோனை வைத்ததும் அழுகை வந்தது. அது அடங்குவதற்குள் கோபமும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேறெங்கும் போகவில்லை. நேராக அவருடைய தெருவுக்கே போனேன்.

அவர் வீட்டுக்கு எதிரே நீளமாக ஒரு சுவர், நீலம் பூசி உரிந்துபோனது. அன்றைக்குத் தண்ணீர் லாரி வருகிற நாள். சுவரோரம் முழுக்கப் பிளாஸ்டிக் குடமும் வாளியும் வரிசை கட்டி நின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை. வெயில் அவற்றின் வழியே புகுந்து நீலச் சுவரில் நிறம் நிறமாக விழுந்திருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

வரிசையில் நின்ற அக்கா ஒருவர் சிரித்தார். "இன்னாம்மா, கொடத்தப் போயி போட்டோ புட்ச்சிக்கினு கீற?"

"அழகா இருக்குக்கா."

அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அப்ப இரு" என்று போய், தன் குடத்தின் நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அப்புறம்தான் எடுத்தேன்.

கண்காட்சியன்று காலை மண்டபத்தில் லடாக்கும் காசியும் ஏற்கெனவே தொங்கின. செயலாளர் முன்னால் மேசையில் என் படத்தைப் பிரித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அடேயப்பா. ராஜஸ்தான் பக்கமா? எந்த ஊர்மா இது?"

கேட்டுவிட்டார்! குதிக்க வேண்டும் போல இருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"உங்க தெரு சார். உங்க வீட்டுக்கு எதிர்ச் சுவர்."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். லடாக் மலை ஒன்றைத் தானே கழற்றி ஓரமாக மாட்டிவிட்டு அந்த இடத்தில் என் படத்தை மாட்டினார். பிறகு ஃபோனை எடுத்து வீட்டில் மனைவியிடம் பேசினார். "ஒரு ஆட்டோ பிடிச்சு உடனே வாயேன். நம்மாத்து எதிர்ச் சுவரைப் பார்க்கணும்... இல்லை, அங்கே இல்லை, இங்கே."

மாமி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தருகே போய் நின்றவர், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏன்னா, அந்தப் பச்சை வாளி நம்மாத்துது!"