புசல்லாவையில் கிடைத்த கறுப்புக் கல்

காலை ஏழு மணிக்குக் கண்டியில் நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். மடியில் துளைபோடும் மெஷினைப் போன்ற ஒரு கருவி. பக்கத்தில் இருந்தவர் அது என்னவென்று விசாரித்தார். கல்லில் என்னென்ன மூலகங்கள் இருக்கின்றன என்று எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்ப்பது என்றேன். மாணிக்கமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேராதனை, கெலிஓயா, கம்பளை. அதன் பிறகு ஏற்றம், இருபுறமும் தேயிலை. கண்டியிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தாண்டி, ஒன்பது மணியளவில் புசல்லாவையில் இறங்கினேன்.

என்னை அழைத்தவர் மல்லிகா, தோட்டப் பாடசாலையில் சரித்திரம் படிப்பிப்பவர். கண்டியில் ஆசிரியர்களுக்கு நான் எரிமலைக் கண்ணாடி பற்றிப் பேசியதைக் கேட்டிருந்தார். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் கறுப்புக் கண்ணாடியாக உறையும். உடைத்தால் சவர அலகு போல வெட்டும். அதனால்தான் பழங்கால மனிதர் அதைக் கடல் தாண்டியும் பண்டமாற்றுச் செய்தார்கள். ருபீடியம், சிர்கோனியம் போன்றவை ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். அதை வைத்து, அது பிறந்த மலையைக் கண்டுபிடிக்கலாம். இலங்கையில் எரிமலையே இல்லை. அதனால், வீட்டுக்குப் பின்னால் அப்படியொரு துண்டு கிடைத்ததாக மல்லிகா போனில் சொன்னபோது நான் பெரிதாக நம்பவில்லை.

சந்தியில் அவருடைய கணவர் யோகன் ஆட்டோவுடன் நின்றார். அது சாராயப் போத்தல் துண்டுதான், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் மல்லிகாவைக் கேலி செய்கிறார்கள், இவ்வளவு தூரம் வந்ததற்குச் சாப்பிட்டாவது போங்கள் என்று வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பது போலப் பேசிக்கொண்டு வந்தார்.

மல்லிகா பிளேன்டீ தந்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போனார். மழைக்குச் சரிந்த மேட்டை வெட்டியபோது அந்தத் துண்டு விரலைக் கிழித்ததால்தான் அதைக் கண்டாராம். அதே மண்ணில் வெள்ளைப் படிகக்கல் சில்லுகளும் இருந்தன. கல்லாயுதம் செய்ய யாரோ எப்போதோ தட்டி உடைத்தவை. அவற்றைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை பரபரத்தது.

இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதிரையில் துண்டை வைத்து அளந்தேன். போத்தல் என்றால் கல்சியம் மிகுந்திருக்கும். இதில் மிகக் குறைவு. சிர்கோனியம் ஏறியிருந்தது. திருப்பி வைத்தும் பார்த்தேன், அதேதான்.

“போத்தல் இல்லை. எரிமலைக் கண்ணாடிதான்,” என்றேன்.

யோகன் மனைவியைப் பார்த்தார், வெளியே போனார். சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில் அவர் குரல் உரக்கக் கேட்டது.

எந்த மலை என்று மல்லிகா கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் மாதிரிகள் இல்லை, வெளிநாட்டு ஆய்வுகூடங்களின் உதவி வேண்டும் என்றேன். காலமும் சொல்ல முடியாது. ஏதோவொரு வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்து எறிந்ததாகக்கூட இருக்கலாம். தோண்டினால்தான் தெரியும். எப்படியானாலும் தொல்பொருள் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் வாடியது. பாடப் புத்தகத்தில் இந்த மலை தேயிலையோடுதான் தொடங்குகிறது, அதற்கு முந்திய ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஆசைப்பட்டேன் என்றார். பிறகு துண்டை என் கையில் வைத்தார்.

“கொண்டு போங்க மிஸ். எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்க தேடுங்க. ஆனா எங்க கிடைச்சுச்சுன்னு எழுதுறப்ப புசல்லாவைன்னு மட்டும் போட்டுறாதீங்க. எங்க தோட்டத்து டிவிஷன் பேரையும் போடுங்க.”

அவர் முன்னாலேயே துண்டைப் போட்ட பொதியின் மேல் எழுதினேன்: டிவிஷன் பெயர், குசினிப் பின்புறம், கண்டெடுத்தவர் மல்லிகா.

பிற்பகல் யோகன் என்னைச் சந்தியில் இறக்கினார். தொல்பொருள் அதிகாரிகள் வந்து தோண்டுவதென்றால் குசினியை உடைக்க வேண்டுமா என்று கேட்டார்.

“ஓம், உடைக்க வேண்டி வரலாம்,” என்றேன்.

யோசித்தார். “பரவால்ல மிஸ். அடுப்ப முன்பக்கம் போட்டுக்குவோம்.”

கம்பளை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வேலியை ஒரு முழம் நகர்த்தச் சொன்னாலே அப்பா வழக்குப் போட்டுவிடுவார்.