ஊசி மாற்றிய பிறகு

என் மச்சினனுக்குச் சுத்தம் ஒரு வியாதி. அக்காவைப் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து, கேரள எல்லைக்குள் காரோடு என்கிற ஊரிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவன், காப்பி ஆறுவதற்குள் ரெக்கார்டு பிளேயரில் தூசி படிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். ஈரத்துணியால் ஒரே இழுப்பு. ஊசி ஒடிந்து துணியோடு வந்துவிட்டது.

"அத்தான், இதுல முடி போல என்னமோ ஒண்ணு வந்திருக்கு" என்று துணியை நீட்டினான். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் அடிக்காமல் விட்டேன்.

அவள் என் மனைவி. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது கை விழுந்ததைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டேன். பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது, பிள்ளைகளின் பெயர் வராது. ஆனால் சபைப் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடியவள். வீட்டிலிருந்த பழைய கீர்த்தனை ரெக்கார்டைப் போட்டால் அதோடு சேர்ந்து பாடுவாள். ஒரு சொல்லும் வராத வாயில் முழு வரி, எழுத்துப் பிசகாமல் வரும். பாட்டு நின்றால் அவளும் நின்றுவிடுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இதைக் கேட்டுவிட்டு, "ஒரு திவசவும் முடக்கருது" என்று மலையாளத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாள்கூட விடக்கூடாது, இந்த வழியாகத்தான் பேச்சு திரும்பி வர வேண்டும், நிறுத்தினால் உள்ளதும் போய்விடலாம் என்றாள்.

மச்சினன் பதறிப்போய் அதே கீர்த்தனையைப் போனில் தேடிப் போட்டான். அவள் வாயைத் திறந்தாள். முதல் சொல்லைப் பிடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. போனிலேயே வேகத்தைக் குறைத்தான். குரல் உடைந்து உறுமியது, அவள் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் நானே பாடினேன். என் சாரீரத்துக்குப் பயந்து ஆராதனையில் யாரும் என் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அவள் என்னைப் பார்த்து அழுதாள்.

நெய்யாற்றின்கரையில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. "இதொக்கெ இப்போ ஆரு வாங்கும் சாரே?" என்று சிரித்தார்கள். அதியன்னூரில், திருவிழாவுக்கும் கன்வென்ஷனுக்கும் மைக் செட் போடுகிற மெக்கானிக் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஊசி தனியாகக் கிடைக்காது, அது பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும், ஆன்லைனில் வரவழைக்கலாம் என்றான். "ஒரு வாரம் ஆகும் அண்ணே. பிளேயர இஞ்ச வச்சிட்டுப் போங்க."

அந்த வாரத்தை எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். காலையில் கஞ்சி குடித்ததும் அவள் கண் தானாகக் காலி மேசைக்குப் போகும். வாயைத் திறப்பாள். "ஆ" என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. போகப் போக அந்தச் சத்தமும் சிறுத்துவிட்டது. ஜெபம் பண்ணினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று கடவுளோடு சண்டை போட்டேன், அழுதேன். மிச்ச நேரமெல்லாம் மெக்கானிக்குக்குப் போன் போட்டு அவன் உயிரை வாங்கினேன்.

ஒருவழியாகப் பிளேயரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். புது ஊசியில் பாட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். பாட்டு அவளைத் தாண்டிப் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து வைத்தேன். ஒரு சொல்லின் நுனியைப் பிடித்தாள், அதுவும் நழுவியது. அடுத்த தடவை அவள் வாயையே திறக்கவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்தில் மறந்தே விட்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் காதில் உறைத்தது. பாடுகிறவர்களின் குரல் முன்பு இல்லாத மாதிரி உச்சத்தில் கேட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"ஓ, அதுவா! தட்டச் சுத்துற பெல்ட்டு உள்ள தொங்கிப் போய்க் கெடந்து அண்ணே. பாட்டு இழுத்து இழுத்தாக்கும் ஓடியிருக்கும். எனக்கிட்ட புதுசு ஒண்ணு உண்டு, அதப் போட்டு விட்டேன். பைசா ஒண்ணும் வேண்டாம்."

"பழசு எங்க மக்கா?"

"அத அன்னைக்கே குப்பையோட தீயில போட்டாச்சு."

போனை வைத்தேன். தளர்ந்துபோன அந்த ரப்பர் பெல்ட்டால்தான் பாட்டு மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த மெதுவுக்குத்தான் அவளால் கூடப் போக முடிந்திருக்கிறது. நான்கு மாதமாகப் பக்கத்தில் இருந்த எனக்கு இது தெரியவில்லை.

ஆத்திரத்தில் பிளேயரைத் தூக்கி முற்றத்தில் எறியத்தான் எழுந்தேன். சுழன்றுகொண்டிருந்த தட்டின் விளிம்பில் கை பட்டது. பாட்டு சட்டென்று தாழ்ந்து இழுத்தது. அவள் தலை நிமிர்ந்தது.

விரலை விளிம்பில் வைத்தபடி அப்படியே குனிந்து நின்றேன். கொஞ்சம் கூடினால் பாட்டு நின்றுவிடும், கொஞ்சம் குறைந்தால் ஓடிவிடும். முதலில் ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு அவள் வந்து சேர்ந்தாள். அடுத்ததில் பாதி வரி. என் விரல் நடுங்கிய இடத்தில் பாட்டும் நடுங்கியது, அவளும் நடுங்கிக்கொண்டே பாடினாள். இரண்டாம் சரணத்தில் ஒரு வரி முழுசாக வந்தது. எனக்கு முதுகு விண்டுபோகிற வலி, விரல் நுனி எரிந்தது. எடுத்தால் அவள் வாய் மூடிவிடும் என்கிற பயத்தில் எடுக்கவில்லை.

பாட்டு முடியும் முன்பே அவள் நிறுத்திவிட்டாள். என் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

அந்தக் கீர்த்தனையில் அப்படி ஒரு சொல் கிடையாது.

"போதாது" என்றேன். "நீ பாடு."