காப்புக் கட்டிய கையால் போட்ட ஓட்டு

சேக்காட்டில் எங்கள் தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதே நான் தாண்டவில்லை. அதேபோல ஓட்டையும் ஒரு முறைகூட விட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் சின்னம் பார்த்து அமுக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த முறை இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. எங்கள் பள்ளிக்கூடத்தில் கூரை வேலை என்று, ஓட்டுச்சாவடியை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

தெருவில் பாதிக் கைகளில் மஞ்சள் காப்பு, என் கையிலும்தான். நான் கிளம்பினால்தான் மற்றவர்களும் கிளம்புவார்கள். வார்டுக்கு நின்ற இருவரும் பதறிப்போய் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் சாமி பேர்தான். மற்றவர் சாமியே இல்லை என்பவர்.

"ஆயா, ஆட்டோ இட்டாந்துகீறேன். ரெண்டே நிமிசம். அம்மன் கோச்சுக்காது," என்றார் சாமிக்காரர்.

"கோச்சுக்காதுன்னு உன் காதுல வந்து சொல்லிச்சா?"

மற்றவர் சிரித்தார். "இல்லாத சாமிக்கு இன்னா ஆயா எல்லை?"

"நீ வாயை மூடு நைனா. ஓட்டு கேக்க வந்தியா, வம்பு இழுக்க வந்தியா?"

பூசாரியிடம் போய்க் கேட்டேன். அம்மன் ஊர்வலம் போகிற இடமெல்லாம் ஊர்தான் என்றார். அது போதாதா எனக்கு! இருவரையும் கூப்பிட்டேன்.

"அந்தப் பள்ளிக்கூடம் வரிக்கும் அம்மனைத் தூக்குங்க. கட்சித் துண்டு கூடாது."

ஓட்டுக்கு முதல் நாள் ஊர்வலம். மத்தியான வெயிலில் தார் ரோடு கொதித்தது. சாமிக்காரர் வேட்டியைத் தரை பெருக்க இறக்கிக் கட்டியிருந்தார். காற்றடித்துத் தூக்கியபோதுதான் தெரிந்தது, உள்ளே செருப்பு! சாமி இல்லை என்றவரோ வெறுங்காலில் குதித்துக் குதித்து வந்தார்.

"நீ ஏம்பா செருப்பைக் கழட்டுன?" என்றேன்.

"மெதுவா பேசு ஆயா. எங்கம்மா பின்னாடியே வந்துகினு கீது. பாத்துச்சுன்னா தோலை உரிச்சிடும்."

பள்ளிக்கூட வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி அம்மனைத் திருப்பினோம். எல்லை விரிந்தது. மறுநாள் வரிசையில் முதல் ஆள் நான்தான். விரலில் மை வைத்தவரிடம், "காப்புல படாம வை நைனா," என்றேன். நிதானமாகத் தேடி அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் பிடித்துக்கொண்டான். "யாருக்கும்மா போட்ட?"

"செருப்புக் காலோட தூக்குனவனுக்கு இல்ல."

"அப்ப சாமி இல்லைன்றவனுக்கா? காப்புக் கட்டின கையால?"

"அவனுக்கு எதுக்குடா போடுறேன்? அவங்கம்மாவுக்குப் போட்டேன்."