பொட்டு வைத்த மூன்றாம் திருத்தம்

பதினொன்று கொடுத்தால் பதினொன்று திரும்பி வர வேண்டும். பத்து வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள், மருத்துவமனைக் கட்டில் செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்குப் போகிறேன். டிராயிங் போடும் அலுவலகம் அடையாறில், மாடியில், இருபத்திரண்டு படி. பட்டறை திருவான்மியூரில். நடுவில் நான். டிராயிங் மாறினால் பழைய பிரதிகளை எண்ணி வாங்கி, ‘ரத்து’ சீல் குத்திக் கிழித்து, புதியவற்றை எண்ணிக் கொடுத்து, ‘பழையது ஒன்றும் பட்டறையில் இல்லை’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

தீபாவளி முடிந்த வாரம், கட்டிலின் பக்கக் கம்பியில் இருந்த துளையை எங்கள் இன்ஜினியர் பெண் எட்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாள். புதுப் பூட்டு அங்கேதான் உட்காருமாம். மூன்றாம் திருத்தம் போய் நான்காம் திருத்தம் வந்தது.

“கம்ப்யூட்டர்ல மாத்தியாச்சு சார், கவலைப்படாதீங்க” என்றாள்.

கம்ப்யூட்டருக்கு என்ன, ஒரு தட்டு. பட்டறையில் சுவரில் தொங்குவதைப் பார்த்துத்தான் வேலை நடக்கிறது. மறுநாள் காலை அறுபது கட்டிலுக்குத் துளை போட ஆரம்பிக்கிறார்கள். கட்டிலுக்கு இரண்டு கம்பி, கம்பிக்கு இரண்டு துளை, ஆக இருநூற்று நாற்பது. பழைய இடத்தில் போட்டுவிட்டால் ஒரு பூட்டும் உட்காராது. பதிவேட்டில் என் கையெழுத்து மட்டும் அழகாக உட்கார்ந்திருக்கும்.

பட்டறைக்குப் போய்ப் பிரதிகளை வாங்கி எண்ணினேன். பத்து. விரலைத் தண்ணீரில் தொட்டு மறுபடி எண்ணினேன்.

“இன்னா சார், எண்ணிக்கினே கீறீங்க? குட்டி போடும்னா?” என்றார் மேஸ்திரி.

“ஒண்ணு குறையுதே.”

“எலி துன்னுருக்கும்.”

“லாமினேஷன் போட்ட டிராயிங்கையா?”

மேஸ்திரி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் காய்ந்த சாமந்தியுமாக மூன்றாம் திருத்தம் தொங்கியது. ஆயுதபூஜையிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுவர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நானே நான்கு முறை கும்பிட்டிருக்கிறேன்.

“குட்த்தா சீல் குத்திக் கிழிச்சிடுவீங்க. பொட்டு வெச்சதக் கிழிக்கலாமா சார்? அது வந்தப்புறம் ஒரு கட்டில்கூட ரிட்டன் வர்ல, தெரியுமா?”

கிட்டே போய்ப் பார்த்தேன். குங்குமம் சரியாகத் துளையின் அளவு மேலேயே அப்பியிருந்தது.

“இதை எப்படிப் படிக்கறீங்க?”

“படிக்க இன்னா கீது? கை சொல்லும்.”

காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். கையை?

“உங்க வீட்டுல சாமி படம் ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“கோயிலாண்ட அரசமரத்தடில வெச்சிட்டு, புதுசு மாட்டிப் பொட்டு வெப்போம்.”

“அதையே செய்வோம்.”

மேஸ்திரி யோசித்தார். “சீலு?”

“பின்பக்கம் குத்தறேன். சாமிக்குத் தெரியாது.”

அன்று மாலையே மூன்றாம் திருத்தம் மரத்தடிக்குப் போனது. பதிவேட்டில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை நான்காம் திருத்தத்துக்குப் பூஜை. கற்பூரம் காட்டி, மேஸ்திரி குங்குமத்தில் தோய்த்த விரலை நீட்டினார். விரல் நேரே துளையின் அளவை நோக்கி இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்கே வேணாம்!”

“நெத்தி மாரி நட்டநடுல கீது சார், வேற எங்க வெக்கறது?”

ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் செய்தேன். பொட்டு வைக்க டிராயிங்கின் மேல் ஓரத்தில் ஒரு காலிக் கட்டம் வேண்டும், இருபத்தைந்துக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் என்றேன். ஒரு நிமிடம் சிரித்தாள். அரை மணியில் ஐந்தாம் திருத்தம் வந்தது. நான்காம் திருத்தப் பிரதிகள் ஒருநாள்கூட முழுசாக வாழவில்லை. பதினொன்றையும் உடனே எண்ணி வாங்கினேன்.

மேஸ்திரி கட்டத்துக்குள் கச்சிதமாகப் பொட்டு வைத்தார். பிறகு முதல் கம்பியை வைத்து, டிராயிங்கைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்தார். மறுபடி டிராயிங்கைப் பார்த்தார்.

“கை சொல்லலையா?” என்றேன்.

“புது எடம் கைக்குப் பழக நாளாவும் சார். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

இருநூற்று நாற்பதும் சரியான இடத்தில் விழுந்தன. அத்தனை பூட்டும் உட்கார்ந்தன.

சாயங்காலம் இன்ஜினியர் பெண் போன் செய்தாள். “ஐந்தாம் திருத்தத்துக்குக் காரணம் எழுதணுமே சார், என்ன போட?”

“‘அளவு தெளிவாகத் தெரிவதற்காக’ன்னு போடும்மா” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.