ரஷ்யப் பெயர் வைத்த சங்கம்

1. சேர்ந்த நாள்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ரஷ்ய இலக்கியச் சங்கம் இருந்தது. அதன் வரலாற்றை டைப் அடிக்க என்னைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். சங்கத் தலைவர் புதுக்கடை நீதிமன்றங்களில் வாதாடிப் பெயர்பெற்ற அப்புக்காத்து. சேர்ந்த அன்றே எனக்குச் சங்கத்தின் வழக்கத்தை விளக்கினார்.

"உறுப்பினர் எல்லாருக்கும் ரஷ்யப் பேர் ஒண்டு இருக்கு, பிள்ளை. தகப்பன்ர பேரோட 'ஓவிச்' சேர்ப்பம். நான் திமித்ரி கந்தையோவிச். வெளியில கண்டாலும் அப்பிடித்தான் கூப்பிடுவம்."

தகப்பன் கந்தையர் உயிரோடு இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். தலைவர் சொல்லச் சொல்ல நான் அடித்த வரலாற்றில் பாதி, எந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்கினார் என்பது. மீதி கண்ணீர். நாவலில் ஓர் ஏழை குளிரில் நடுங்கினால் போதும், அவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அவர் தேறும்வரை நான் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

உறுப்பினர்களில் செல்வராஜ் மட்டும் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டில் வேலை. மனைவி மல்லிகாவோடு கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருந்தார். அவருக்கு வைத்த பெயர் கிரிகோரி முத்தையோவிச். சங்கத்து ஆட்கள் அவர் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள்.

2. பொலிஸ்

ஒருநாள் பொலிஸார் கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகச் சோதித்தார்கள். செல்வராஜை வேறு பெயர் சொல்லியும் ஆட்கள் தேடி வருவதுண்டு என்று வீட்டுக்காரர் பயத்தில் சொல்லிவிட்டார். தமிழனுக்கு இரண்டாவது பெயர் இருந்தால் அது ஆயுத இயக்கம் கொடுத்த பெயர்தான் என்பது அன்றைய பொலிஸ் கணக்கு. செல்வராஜைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

மல்லிகா அழுதபடி சங்கத்துக்கு வந்தாள். "அந்தப் பேரு நீங்க வச்சதுதான்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சார். அது போதும்."

தலைவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "அவசரப்படாதையும். இது கமிட்டியில வச்சுக் கதைக்க வேண்டிய விசயம்."

கமிட்டி கூடியது. சங்கம் இலக்கியச் சங்கம், பொலிஸ் விவகாரத்தில் தலையிடாது என்று தீர்மானித்தார்கள். மறு அறிவித்தல்வரை ரஷ்யப் பெயர்களை நிறுத்திவைப்பதாகவும் தீர்மானித்தார்கள். முன்மொழியவும் வழிமொழியவும் போட்டி. அதையும் நான்தான் அடித்தேன். அடித்து முடிய, தலைவர் விட்ட இடத்திலிருந்து வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்: "துன்புறும் மனிதனின் பக்கம் என்றும் நின்ற எமது சங்கம்..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினை மூடிவிட்டு மல்லிகாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். என் அரைகுறைச் சிங்களத்தில் சங்கத்து வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்ப உங்கட தலைவருக்கு என்ன பேர்?"

"திமித்ரி கந்தையோவிச்."

"செயலாளருக்கு?"

"அலெக்ஸி தம்பிராசோவிச்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கும் அடக்க முடியவில்லை.

"உமக்கு?"

"எனக்கு இல்லை, சேர். நான் சம்பளத்துக்கு வேலை செய்யிறவள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பேர் வச்ச ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையா?"

அன்று பின்னேரமே செல்வராஜை விட்டுவிட்டார்கள்.

3. வெளியீட்டு விழா

நான் வேலையை விட்டுவிட்டேன். வேறொரு பிள்ளையைப் பிடித்து மிச்சத்தை அடிப்பித்தார்கள். வரலாறு அச்சாகி வந்தது. தலைவர் தாமே நேரில் போய் செல்வராஜை மீட்டார் என்று அதில் இருந்தது. வெட்கம் கெட்ட மனிதர்.

வெளியீட்டு விழாவில் அவருக்கு நன்றி சொல்லி மாலை போட மல்லிகாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் அழைத்திருந்ததால் கடைசி வரிசையில் இருந்தேன். அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மைக் பக்கத்தில் இருக்கிறது என்ற எண்ணமே இல்லாமல் கேட்டாள்: "அன்னைக்கு நீங்க எந்தப் பக்கமா நின்னீங்க சார்? நான் பாக்கலையே."

அது மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவர் மாலைக்காகக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு பல கந்தோர்களில் வேலை செய்தேன். மனிதநேயம் பேசும் முதலாளி யாரைக் கண்டாலும், மல்லிகா கேட்டதைத்தான் மனதுக்குள் கேட்டுப் பார்ப்பேன். வேலைக்குப் போகும் பிள்ளைகளே, நீங்களும் கேட்டுப் பாருங்கள்.